எஞ்சின் விளக்கு எரிகிறது: ஸ்கேனர் வாங்குவதா, வயரிங் பாஸிடம் போவதா, கண்டிக்கு இறங்குவதா?

டெஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால், மலையகத்தில் வாகனம் வைத்திருப்பவருக்குப் பழுதைவிட 'யாரிடம் கொண்டுபோவது' என்ற கேள்விதான் பெரிதாக வந்து நிற்கிறது. வாசகர்கள் கேட்பதும் அதைத்தான். போனில் பார்க்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிடலாமா? டவுனில் இருக்கிற வயரிங் பாஸ் (வாகன மின்வேலைக்காரர்) போதுமா? கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கராஜுக்குப் போவதா? இல்லை, ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, வாகன நிறுவனத்தின் இலங்கை முகவரான ஏஜென்ட் கம்பனிக்கே இறங்குவதா?

கேள்வி இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. இடையில் மாற்ற நினைத்தவர்களும் பழையதையே ஓட்டினார்கள். ஆகவே இன்று நம் பாதைகளில் ஏறி இறங்கும் வெகன் ஆர், அக்வா, ஃபிட், விட்ஸ், எவ்ரி போன்றவற்றில் பெரும்பாலானவை பல மழைக்காலம் கண்டவை. எஞ்சின் நன்றாக இருக்கிறது. வயரும் சொக்கெட்டும் சென்சரும்தான் வயதைக் காட்டுகின்றன.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு விலக்கு. சிவப்பு விளக்கு எரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அல்ல. எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடு, பிரேக் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகள் எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். பிரேக்கின் சிவப்பு விளக்கோடு இறம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ 'மெல்லப் போய்விடலாம்' என்று இறங்கக் கூடாது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் நிறுத்துங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். நிலையாக எரியும் மஞ்சள் விளக்குக்குத்தான் யோசித்து முடிவெடுக்க நேரம் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது?

விலையை வைத்து ஆரம்பித்தால் தவறான இடத்தில் போய் நிற்போம். நான் முதலில் பார்ப்பது, அந்த ஆளுக்கு அளக்கத் தெரிகிறதா என்பதை. ஸ்கேனரில் வரும் கோட் (பழுதுக் குறியீடு) எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக பி0118 என்ற கோட்டைப் பாருங்கள். எஞ்சின் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் சுற்றில் வோல்ட் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சர் செத்திருக்கலாம், சொக்கெட் கழன்றிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே கோட்தான். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் பத்து நிமிடப் பொறுமையும் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காதவர் சென்சரை மாற்றுவார். கோட் திரும்பி வரும். அடுத்த சென்சரை மாற்றுவார்.

அடுத்து, கருவிக்கு உங்கள் வாகனத்தோடு பேசத் தெரிகிறதா என்பது. வாகனக் கணினியிலிருந்து பழுதைப் படிக்கும் ஓபிடி 2 என்ற பொதுமுறை அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல். நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை. ஸ்டியரிங்கின் கீழே, ஸ்கேனரைக் குத்தும் அதே 16 ஊசிச் சொக்கெட் இருக்கும். ஆனால் பழைய மாதிரிகளில் உள்ளே ஓடும் பேச்சு நிறுவனத்தின் சொந்தப் பாஷையாக இருக்கலாம். எஞ்சினைப் படிக்கும் கருவி ஏபிஎஸ்ஸையும் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) ஏர்பேக்கையும் ஹைபிரிட் பகுதியையும் படிக்கும் என்று நம்பவும் முடியாது.

மூன்றாவது அளவுகோலைக் கொழும்பில் எழுதப்படும் கட்டுரைகளில் காணமாட்டீர்கள். பழுது வரும் இடத்தில், வரும் நேரத்தில் அதைப் பார்க்க முடிகிறதா? கொட்டகலையில் அதிகாலைப் பனிமூட்டத்தில் ஏற்றம் ஏறும்போது மட்டும் எஞ்சின் தட்டுகிறது, அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் தடுமாறுகிறது என்றால், அந்த வண்டி பகல் வெயிலில் சமதரைக் கராஜ் ஒன்றில் நிற்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஈரத்தில் வரும் பழுதை ஈரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. ஸ்கேன் கட்டணத்தை எல்லோரும் கேட்கிறார்கள். போகவர ஆகும் பெட்ரோல், இழந்த ஹயர், கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து எடுத்துவந்து பொருத்தியும் பயன்படாத சென்சர் ஆகியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மின் உதிரியை விற்ற பிறகு திருப்பி எடுக்கும் கடையைக் காண்பது அரிது.

கடைசியாக, சாமானை மாற்றிய பின் வாகனத்தின் கணினியில் பதிய வேண்டிய வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வேலைகள் ஸ்பேனரோடு முடிந்துவிடும். சில முடியாது.

## சொந்தமாக ஒரு சின்ன ஸ்கேனர்

ஈஎல்எம் 327 வகைக் கருவியைச் சொல்கிறேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. 16 ஊசிச் சொக்கெட்டில் குத்தி, புளூடூத் வழியாகப் போனோடு இணைத்து, ஒரு செயலியில் பார்ப்பது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். சில நன்றாக வேலை செய்கின்றன, சில இணைந்த மறுநிமிடம் அறுந்துவிடுகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் கேளுங்கள். சாதாரண புளூடூத் நகல்கள் பல அதில் வேலை செய்யாது. கடைக்காரரிடம் 'எல்லா வாகனத்துக்கும் போகுமா' என்று கேட்டால் 'போகும்' என்றுதான் சொல்வார். உங்கள் வண்டியை வாசலில் நிறுத்தி, குத்திப் பார்த்து, எஞ்சினின் வேகம் திரையில் வருகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

இதன் உண்மையான பயன் கோட்டைப் படிப்பதில் இல்லை. சென்சர்கள் தரும் அளவுகளை நீங்களே பார்க்க முடிவதில்தான் இருக்கிறது. மலையகத்துக்காரருக்கு இது மிக நல்ல வசதி. ஒரு சோதனையைச் சொல்கிறேன். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். பட்டன் வைத்த வண்டியென்றால் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்துங்கள். இப்போது உள்ளிழுப்புக் குழாயின் அழுத்த சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். கண்டியில் 95 அல்லது 96. ஹட்டனில் ஏறத்தாழ 87. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 81. நுவரெலியாவில் நின்றுகொண்டு உங்கள் சென்சர் 100 காட்டினால் அது பொய் சொல்கிறது. அதே இடத்தில் 81 காட்டுவதைப் பார்த்து, 'குறைவாக இருக்கிறது, சென்சரை மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னால், அவர் கடற்கரை ஊரின் கணக்கை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 1000 மீற்றர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு இழுவையை இழக்கும். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய. கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துச் சீராக ஓட்டும். ஆனால் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. கொழும்பிலிருந்து வரும் உறவினர், 'மாமா, நானுஓயாவுக்குப் பிறகு வண்டி இழுக்கவே இல்லை, ஏதோ சென்சர் கோளாறு' என்றால், முதலில் ஒரு தேநீர் கொடுத்து உட்காரவையுங்கள்.

காலையில் எஞ்சினை இயக்குமுன் பார்க்க வேண்டிய மற்றொரு சோடி, எஞ்சின் நீரின் வெப்பமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும். இரவு முழுதும் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 12 பாகை குளிர், காற்றுச் சென்சரும் 12 காட்டுகிறது, நீர்ச் சென்சர் மட்டும் கழித்தல் 40 காட்டுகிறது என்றால் நுவரெலியா இன்னும் அவ்வளவு குளிரவில்லை. அந்தச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. ஏபிஎஸ், ஏர்பேக் கோட்டுகளை மலிவுக் கருவிகள் பெரும்பாலும் படிக்காது. குத்தியபடியே விட்டால் நிறுத்திய வண்டியின் பற்றரியை மெல்ல மெல்லக் குடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, செயலியில் இருக்கும் 'அழி' பொத்தான். அதை அழுத்தினால் விளக்கு அணையும்; கோட் விழுந்த நேரத்தில் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று கணினி எடுத்துவைத்த பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். பிறகு எந்தக் கராஜுக்குப் போனாலும் அவர்கள் வெறும் கையோடுதான் தொடங்க வேண்டும். திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்காதீர்கள்.

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் அழித்துவிட்டுப் போகும் பழக்கமும் வீண்தான். அங்கே புகைக்குழாயில் குழாய் விட்டு அளக்கிறார்கள். ஒக்சிஜன் சென்சர் கெட்டு எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடித்தால், விளக்கு அணைந்திருந்தாலும் பெறுமானம் காட்டிக்கொடுத்துவிடும்; வருமான அனுமதிப்பத்திரமும் அதோடு நின்றுவிடும்.

டவுனிலிருந்து தூரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், வந்துவந்து போகும் பழுது உள்ளவர்களுக்கும், பாவித்த கார் பார்க்கப் போகிறவர்களுக்கும் இது நல்ல முதலீடு. ஸ்பேனரையே தொடாதவருக்கு வேண்டாம்.

## டவுனில் இருக்கும் வயரிங் பாஸ்

இவரைத்தான் நம்மில் பலர் குறைவாக எடைபோடுகிறோம். சுவரில் கம்ப்யூட்டர் இல்லை, கையில் ஒரு மல்டிமீட்டர், கறுத்துப்போன டேப் சுருள், பின்னால் பழைய ஸ்டாட்டர் மோட்டார்களின் குவியல். ஆனால் மலையகத்து மின்பழுதுகளைப் பாருங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் விடாது. பதுளை, வெலிமடைப் பக்கம் வடகீழ் பருவத்தில் அதே கதை. சொக்கெட்டுக்குள் ஈரம் புகுந்து செப்பு ஊசியில் பச்சைப் பூஞ்சணம் போல உப்பு ஏறுகிறது. குளிர் இரவில் சூடு தேடிவரும் எலி பொனட்டின் கீழ் படுத்து வயரை நன்னுகிறது. தோட்டத்துக் கல்பாதையில் முன்சக்கரத்தின் ஏபிஎஸ் சென்சர் வயர் ஆடி ஆடி உறைக்குள்ளேயே அறுகிறது. இவை எதையும் கம்ப்யூட்டர் திருத்தாது. கண்ணும் கையும் மீட்டரும்தான் வேண்டும்.

நல்ல பாஸ் ஒருவர் வேலை தொடங்குவதைப் பாருங்கள். முதலில் பற்றரி. எஞ்சின் ஓடாமல் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2க்குக் கீழே என்றால் பாதிதான். ஸ்டாட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழுகிறதா என்று பார்ப்பார். பற்றரி தளர்ந்தால் கணினிகள் ஒன்றையொன்று 'காணவில்லை' என்று புகார் எழுதத் தொடங்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு கோட்டுகள் விழும், அதில் யூ எழுத்தில் தொடங்குபவை நிறைய இருக்கும். குளிர் காலையில் இப்படி விழுந்த கோட்டுகளை நம்பி சாமான் மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் ஒல்டர்னேட்டர் கிடையாது. ஹைபிரிட் பற்றரியிலிருந்துதான் சிறிய 12 வோல்ட் பற்றரிக்கு மின் ஏறுகிறது. ஆகவே வழக்கமான ஸ்டாட்டர் சத்தத்தை வைத்து அதன் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க முடியாது, அளந்தால்தான் தெரியும்.

பிறகு எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலின் சுத்தமான இடத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டாட் செய்யச் சொல்வார். 0.2 வோல்டைத் தாண்டினால் எர்த் வயரின் போல்ட்டடியில் துரு இருக்கிறது. வயர்பிரஷ் ஒன்றால் போகிற வேலை. இதே பழுது சென்சர் மாற்றி, த்ரொட்டில் மாற்றி, கடைசியில் கணினிப் பெட்டியையே மாற்றும்வரை போனதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, 5 வோல்ட் வயர். எஞ்சின் கணினி பல சென்சர்களுக்குச் சேர்த்து 5 வோல்ட் அனுப்புகிறது. அவற்றில் ஒன்று உள்ளே ஷோட் ஆனால் அந்த வயரில் உள்ள எல்லோருக்கும் வோல்ட் விழுந்துவிடும். ஸ்கேனரில் த்ரொட்டில், அழுத்தம், அக்சிலரேட்டர் பெடல் என்று வரிசையாகக் கோட்டுகள் வரும். பட்டியலைப் பார்த்தவர் மூன்று சாமான் ஓடர் கொடுப்பார். மீட்டர் பிடித்தவர் 5 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருப்பதைப் பார்த்துவிட்டு, சென்சர்களின் சொக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் மீட்டர் 5க்குத் துள்ளும். பல வாகனங்களில் அது யாரும் சந்தேகப்படாத ஏசி அழுத்த சென்சராக இருப்பதுண்டு. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது அல்லவா!

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயரையும் இவரே அளக்கலாம். பற்றரியைக் கழற்றிவிட்டு, 16 ஊசிச் சொக்கெட்டின் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கு நடுவே 60 ஓம் இருந்தால் சரி. 120 என்றால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன.

எல்லா வயரிங் பாஸும் இப்படி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். பல்ப் வைத்த டெஸ்டரைக் கணினி வயரில் குத்துகிறவரிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுங்கள். அந்தப் பல்ப் இழுக்கும் மின்னைச் சென்சர் சுற்றுகள் தாங்கும்படி செய்யப்படவில்லை. வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றித் தருகிறவர் அன்றைக்குச் சரிசெய்வார். அடுத்த மழையில் அதே வயர், அதே கோட். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஹயர் வான்களில் அலங்கார விளக்கும் ஒலிபெருக்கியும் ரிவர்ஸ் கேமராவும் பூட்டுவதற்காகக் கண்ட வயரிலும் கிளை எடுத்திருப்பதால், இவர்களிடம் வரும் 'சென்சர் பழுது'களில் கணிசமானவை அந்தக் கிளைகளில்தான் பிறக்கின்றன. வண்டியில் எதை, எப்போது, யார் பூட்டினார் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: டின்கர் வேலைக்கு வெல்டிங் பிடிக்கப்போகிறார்கள் என்றால் பற்றரி வயரைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஹைபிரிட்டின் செம்மஞ்சள் நிற வயர்களை இவரிடம் விடக் கூடாது. முதல் தலைமுறை அக்வாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட், மூன்றாம் தலைமுறைப் பிரியஸுடையது 201.6. அதற்கென்ற கையுறையும் பயிற்சியும் இல்லாத எவரும் அங்கே கை வைக்க வேண்டியதில்லை. ஏர்பேக் சுற்றிலும் மீட்டர் வைக்கக் கூடாது.

## ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ்

கண்டி, கம்பளை, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற ஊர்களில் லோஞ்ச், ஓட்டெல் வகைப் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ்களைத் தேடிக்கொள்ளலாம். இந்தக் கருவி கேட்பதோடு நிற்காது, கட்டளையும் இடும்: விசிறியைச் சுற்று, ஏபிஎஸ் பம்பை இயக்கு, மூன்றாம் சிலிண்டரின் பெட்ரோலை நிறுத்து. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மெல்ல உருட்டிப் போகையில் மூன்று சக்கரம் 15 காட்ட, ஒன்று சுழியம் காட்டினால் எந்தச் சக்கரத்துச் சென்சர் என்ற வாதம் முடிந்தது. ஈரத்தில் எஞ்சின் தட்டும் பழுதை ஒரு நல்ல கராஜ் இப்படிப் பிடிக்கும்: எஞ்சினை ஓடவிட்டு, இக்னிஷன் கொயில்கள் மேல் தெளிப்பானால் பனி போலத் தண்ணீர் தெளித்து, எந்தச் சிலிண்டர் எரியத் தவறிய கணக்கு ஏறுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். மழையைக் காத்திருக்கத் தேவையில்லை.

ஹைபிரிட்டுக்காரர்களுக்கு இது தவிர்க்க முடியாத படி. பி0ஏ80 கோட் வந்தால் 'பற்றரி பெக் மாற்ற வேண்டும்' என்று பட்டியலில் எழுதியிருக்கும். மாற்றுமுன், ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். பின்னிருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தையும் விசிறியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தூசியும் முடியும் அடைத்துக்கொண்டால் பற்றரி சூடாகி, ஆயுளை இழக்கிறது. இதற்கு மாறாக, நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது பாதிவழியில் எஞ்சின் தானாகச் சத்தமாகச் சுற்றத் தொடங்குவது பழுதே இல்லை. இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டது, மேலும் ஏற்ற இடமில்லை, ஆகவே எஞ்சினைச் சுற்றவிட்டு வேகத்தைப் பிடிக்கிறது. இதற்காகக் கராஜுக்குப் போனவருக்கு 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று சொல்லும் கராஜ் கிடைத்தால், அந்த முகவரியைக் குறித்துவையுங்கள்.

மறைந்த செலவு இங்கே இப்படி வருகிறது. ஸ்கேன் அறிக்கையில் பழைய கோட்டுகளும் சேர்ந்து நீளமாக வரும். நீளமான பட்டியல் வாடிக்கையாளரைப் பயமுறுத்தும். பயந்தவர் எல்லாவற்றையும் மாற்றச் சம்மதிப்பார். முதலில் முழுப் பட்டியலையும் படம் எடுத்துக்கொண்டு, அழித்து, ஓட்டி, திரும்பி வருபவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கருவி விலையுயர்ந்தது என்பதால் அதைப் பிடித்திருக்கும் கை தேர்ந்தது என்று ஆகிவிடாது. 'இந்தக் கோட்டுக்கு எந்த வயரை அளந்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஸ்கேனுக்கு மட்டும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

வீட்டுக்கே வந்து ஸ்கேன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்டாட் ஆகாத வண்டிக்கு, இழுத்துப்போகும் செலவை மிச்சப்படுத்துவதால், அது நியாயமான வழி. மற்றபடி கராஜுக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

## ஏஜென்ட் கம்பனி

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே போக வேண்டிய காரணங்கள் தெளிவானவை. திருட்டுத் தடுப்புச் சாவி, ஏர்பேக், முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் சொந்த மென்பொருளும் அளவீட்டு இடமும் வேண்டும். கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவைச் சீர்செய்யாமல் விட்டால், அது பாதையைத் தவறாகப் பார்க்கும். டகாட்டா ஏர்பேக் விவகாரம் போல உற்பத்தியாளர் திரும்பப் பெறும் சாமான்கள் உங்கள் சேசி இலக்கத்தில் இருக்கின்றனவா என்பதையும் ஏஜென்டிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஏஜென்டிடம்தான் போக வேண்டும், ஆனால் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். ஹோர்ன் அடிக்காமல், ஸ்டியரிங் பொத்தான்களும் வேலை செய்யாமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் பட்டை வயர்தான் பெரும்பாலும் அறுந்திருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பேச்சு குறையும்.

ஹட்டனிலிருந்து கொழும்பு சுமார் 125 கிலோமீற்றர். போய், வண்டியை விட்டு, திரும்பி வந்து, மீண்டும் போய் எடுக்கும் செலவு ஸ்கேன் கட்டணத்தைச் சாப்பிட்டுவிடும். அங்கே பெரும்பாலும் வயரைத் திருத்தமாட்டார்கள், முழுத் தொகுதியாக மாற்றச் சொல்வார்கள். பனியில் மட்டும் வரும் பழுதுக்கு அங்கே போவது வீண் பயணம்.

## ஒரே பார்வையில்

| | சொந்த ஸ்கேனர் | வயரிங் பாஸ் | ஸ்கேனர் உள்ள கராஜ் | ஏஜென்ட் |
|---|---|---|---|---|
| அளந்து பார்ப்பது | சென்சர் அளவுகள் மட்டும் | ஆளைப் பொறுத்து. நல்லவரிடம் மிகச் சிறப்பு | கேட்டால் செய்வார்கள் | முறைப்படி |
| வாகனத்தோடு பேசுவது | எஞ்சின் மட்டும், அதுவும் உறுதியில்லை | இல்லை | பெரும்பாலான பகுதிகள் | முழுமையாக |
| பழுது வரும் இடத்தில் பார்ப்பது | எப்போதும் கையில் | ஊரிலேயே | ஊரைப் பொறுத்து | முடியாது |
| மறைந்த செலவு | 'அழி' பொத்தான் | முறுக்கிய வயர், அடுத்த மழை | தேவையற்ற சாமான் | தூரம், இழந்த நாட்கள் |
| மாற்றிய பின் பதிவது | இல்லை | இல்லை | ஓரளவு | ஆம் |

## யாருக்கு எது?

விளக்கு மழைநாளில் எரிந்து வெயிலில் அணைந்தால், அல்லது ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல விளக்குகள் எரிந்தால், வயரிங் பாஸ். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. எர்த், பற்றரி, 5 வோல்ட், சொக்கெட் ஆகிய நான்கையும் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் ஸ்கேனர் உள்ள கராஜ். பிரேக் பிடிக்கும், ஆனால் ஈரப்பாதையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஹைபிரிட் எச்சரிக்கைக்கும் அங்கேதான், அதுவும் ஹைபிரிட் பழகிய கை இருக்கும் இடமாகப் பார்த்து. சாவி, ஏர்பேக், கேமரா என்றால் ஏஜென்ட், வேறு பேச்சில்லை.

நாள்தோறும் ஹயர் ஓடுகிற வான்காரர் சொந்த ஸ்கேனரையும் நல்ல வயரிங் பாஸ் ஒருவரையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஓட்டம் மிஞ்சினாலே கருவியின் விலை வந்துவிடும். பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் வெகன் ஆர் ஓட்டும் ஆசிரியைக்கு ஸ்கேனர் தேவையில்லை. நம்பகமான ஆளின் தொலைபேசி இலக்கம் போதும். லிந்துலையிலோ அக்கரப்பத்தனையிலோ உள்ளே தள்ளி இருப்பவர், டவுனுக்கு வருமுன் போனில் கோட்டைப் படித்து பாஸுக்கு அனுப்பினால், வர வேண்டியது இன்றைக்கா நாளைக்கா என்பதாவது தெரியும்.

எங்கே போனாலும் வண்டியை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்த நேரம், மழையா வெயிலா, ஏற்றமா இறக்கமா, எஞ்சின் சூடாகிய பிறகா முன்னா, கடைசியாக எதை மாற்றினீர்கள், எதைப் பூட்டினீர்கள். 'அண்ணே, கோட்டை அழிக்குமுன் படம் எடுத்துவிடுங்கள்; மாற்றும் சாமானின் பழையதை என்னிடமே தந்துவிடுங்கள்' என்ற இரண்டையும் வேலை தொடங்குமுன் சொல்ல வேண்டும். பழைய சென்சரை வீசிவிடாமல் வைத்திருந்தால், புதியதைப் போட்டும் விளக்கு அணையாதபோது திருப்பிப் பூட்டிப் பார்க்க அது உதவும்.